குல்மர்க்கில் அறை பிடித்த கதை

பாபநாசம் என்றதும் பாதிப் பேர் அகத்தியர் அருவியைக் கேட்பார்கள். அது திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசம். மலை, அணை எல்லாம் அங்கே. எங்களுடையது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையில், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. கோவிலும் வயலும் உண்டு, குன்று ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சரிவு என்றால் ஆற்றங்கரைதான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரையேறி, மிதிக்காமலே இறங்கி, பொழுது சாயும்வரை அதையே செய்துகொண்டிருப்பார்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் இதைப் பார்த்துவிட்டுத்தான், "அண்ணி, இதுகளைப் பனிச்சறுக்குக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று ஆரம்பித்தார். நாத்தனார் குடும்பமும் சேர்ந்துகொண்டது. மூன்று குடும்பம், எட்டு, ஐந்து, மூன்று வயதில் பிள்ளைகள், கூடவே என் மாமியார். அவரை நாங்கள் எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம், அவர் பெற்ற பிள்ளைகளைத் தவிர.

முதல் சண்டை தேதியில். கொழுந்தன் அரையாண்டு விடுமுறையைச் சொன்னார். மார்கழியில் சம்பா கதிர் முற்றிக்கொண்டிருக்கும், தையில் அறுவடை, அதற்குப் பிறகு கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவல். என் வீட்டுக்காரர், "நெல்லு எடை போட்டு ரசீது கைக்கு வராம நான் ரயில்வே ஸ்டேஷன் பக்கம்கூட வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஆகவே மாசி. அதுவே நல்லதாகப் போயிற்று. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாளை சில்லை கலான் என்பார்கள். குடிநீர்க் குழாயே உறைந்துபோகும் குளிர் அது. கைக்குழந்தை வாசனை போகாத பிள்ளைகளோடு அதில் போய் நிற்க வேண்டியதில்லை. பிப்ரவரி நடுவில் மேலே பனி கெட்டியாகக் கிடக்கும், பகல் வெயிலும் முகத்தில் கொஞ்சம் உறைக்கும்.

இடத்துக்கு மூன்று பெயர் வந்தன. உத்தராகண்டின் ஔலியில் சரிவு அருமை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமத் வரை சுமார் 250 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை. கும்பகோணம் போவதற்குள் வாந்தி எடுக்கும் பிள்ளை எங்கள் வீட்டில் உண்டு. ஜோஷிமத்திலிருந்து மேலே ஏற்றிச் சென்ற ரோப்காரும், 2023 ஜனவரியில் அந்த ஊர் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது நிறுத்தப்பட்டது. அடுத்தது சோலாங். மணாலியிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்த பிறகு லாஹௌல் போகும் கூட்டமும் அதே சாலையில். மணாலியில் அறை எடுத்தால் தினமும் காலையும் மாலையும் காரில் உட்கார்ந்திருக்க வேண்டும். மிஞ்சியது குல்மர்க். ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர், கடைசிப் பதின்மூன்று கிலோமீட்டர் மட்டும் ஏற்றம். சரிவு ஊருக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் எங்களைச் சாய்த்தது.

அங்கேயும் எந்த ஓட்டல் என்ற கேள்வி இருந்தது. குல்மர்க்கைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் கோண்டோலா என்கிற ரோப்கார் பக்கத்தில் தங்கு என்பார்கள். பெரியவர்களுக்குச் சரி. கோண்டோலாவின் முதல் கட்டம் காங்டூரியில் இறக்கிவிடும். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத்தோளில், ஏறத்தாழ 3,950 மீட்டரில் கொண்டுபோய் விடும். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவது அந்த இரண்டாம் கட்டத்துக்காகத்தான். மூன்று வயதுப் பிள்ளைக்கு அங்கே மூச்சு வாங்குவதைத் தவிர வேலை எதுவும் இல்லை. சின்னதுகள் சறுக்கப் பழகுவது கீழே, கிண்ணம் மாதிரி விரிந்து கிடக்கும் புல்வெளியில், கோல்ஃப் மைதானத்துப் பக்கம். கோடையில் பந்து உருளும் அந்த இடம் குளிர்காலத்தில் பழகுகிறவர்களின் சரிவு. ஆக, எங்களுக்குக் கணக்கு கோல்ஃப் மைதானத்திலிருந்து எத்தனை அடி என்பதுதான்.

இந்தக் கணக்கை அத்தைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 2016 மகாமகத்தின்போது வெளியூரிலிருந்து வந்த சொந்தமெல்லாம் பாபநாசத்தில் எங்கள் வீட்டில்தான் இறங்கியது. "பதினஞ்சு கிலோமீட்டர்தானே, காலைல கிளம்பினா போதும்" என்றார்கள். அத்தை கேட்கவில்லை. கைக்குழந்தைக்காரர்களை மட்டும் முதல் நாளே கும்பகோணத்துக்கு அனுப்பி, குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு மாடியில் தங்கவைத்தார். தீர்த்தவாரி அன்று பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் வெயிலில் நடந்து நாக்குத் தள்ளி வந்து சேர்ந்தபோது, மாடிக்காரர்கள் முழுகிவிட்டுப் பிள்ளைகளைத் தூங்கவைத்திருந்தார்கள்.

அந்த அத்தைதான் இப்போது கொழுந்தன் காட்டிய ஓட்டல் படங்களைப் பார்த்தார். கண்ணாடி ஜன்னல், அதற்கு வெளியே பைன் மரம், மரத்தின் மேல் பனி. "ஜன்னல் நல்லாத்தான் இருக்கு. வாசப்படி எத்தனை இருக்கு? அதைப் படம் எடுக்கலையா?"

வாசற்படியை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. ஆனால் அதுதான் முக்கியம். சறுக்குக்காரர்கள் போடும் பூட்ஸ் கெட்டிப் பிளாஸ்டிக், கணுக்காலை மடக்கவிடாது. அதைப் போட்டுக்கொண்டு ஐந்து வயதுப் பிள்ளை படியிறங்குவதைப் பார்த்தால் நெஞ்சு பதறும். பலகையையும் கோலையும் பிள்ளை சுமக்காது. நாம்தான் சுமக்க வேண்டும், இன்னொரு கையில் பிள்ளையும். பழகும் சரிவிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி அறை எடுத்தால் நடையிலேயே பாதி உற்சாகம் தீர்ந்துவிடும். அதற்குள் ஒன்று மூத்திரம் என்று சொல்லும். நாலடுக்குத் துணியைக் கழற்றி மாட்டி வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும்.

பிரான்ஸில் இதற்காகவே ஊரைக் கட்டியிருக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலையில் அவோரியாஸ் என்ற ஊர் 1966 முதல் இயங்குகிறது. ஊருக்குள் கார் கிடையாது. பெட்டி படுக்கையைக் குதிரை பூட்டிய சறுக்கு வண்டியில் கொண்டுவருவார்கள். வாசலைத் திறந்தால் காலடியில் பனி, தெருவே சரிவு. அந்த நாட்டுச் சறுக்குப் பள்ளிகள் மூன்று வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதற்கு இப்படி வீட்டையும் சரிவையும் ஒட்டவைத்ததும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். குல்மர்க்கில் அந்த ஒழுங்கு இல்லை. ஓட்டல்கள் கிண்ணத்தைச் சுற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. சில காட்டு ஓரத்தில் மேட்டின்மேல். படத்தில் அழகாக விழுபவை எல்லாம் இவைதான். கீழே டங்மர்க்கில் வாடகை மலிவு. ஆனால் பனி விழுந்தால் சாதாரணக் கார் அங்கேயே நின்றுவிடும், சக்கரத்துக்குச் சங்கிலி போட்ட வண்டிக்கு மாறித்தான் ஏற வேண்டும். மலிவாக அறை எடுத்து, மிச்சம் பிடித்ததைத் தினமும் அந்த வண்டிக்காரரிடம் கொடுக்கலாம்.

நாங்கள் எடுத்தது கோல்ஃப் மைதானத்தைப் பார்த்த பழைய மரக் கட்டடம். தரைத்தளத்தில் அடுத்தடுத்து மூன்று அறை. இரண்டுக்கு நடுவில் கதவு. அந்த நடுக் கதவு இருக்கிறதா என்று ஃபோனில் என் அரைகுறை இந்தியில் நான் மூன்று விதமாகக் கேட்டேன். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு அடுத்த அறையில் விளக்குப் போட்டுப் பேசிக்கொண்டிருக்க முடியாவிட்டால், சாயங்காலம் ஏழு மணிக்கே பெரியவர்களும் இருட்டில் படுக்க வேண்டியதுதான். கூட்டமாகப் போவதன் சுகமே அந்த ராத்திரிப் பேச்சு.

முன்பணம் கொடுக்கும் முன்பு, பனி இல்லாவிட்டால் தேதி மாற்றித் தருவீர்களா என்றும் கேட்டோம். மேனேஜர் சிரிக்கவில்லை. 2024 ஜனவரியில் மாதம் முழுக்கக் குல்மர்க் பழுப்பாகக் கிடந்து, கடைசி வாரத்தில்தான் பனி கொட்டியது. அந்த நினைவு அவருக்கு இருந்தது. மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறப்பார்களா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே நாற்றங்கால் விடுகிற எங்களுக்கு அவர் நிலைமை புரியாமலா போகும்? தேதி மாற்றித் தருவதாக எழுதிக்கொடுத்தார்.

இனி, அறையைச் சூடாக்குவது. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில், கேரளத்திலிருந்து சுற்றுலா போன எட்டுப் பேர் ஓட்டல் அறையில் இறந்துபோனார்கள். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். குளிர் தாங்காமல் எல்லோரும் ஒரே அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கதவு ஜன்னலைத் தாழிட்டுப் படுத்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் ஸ்ரீநகரிலேயே, வாடகை வீட்டில் இருந்த ஒரு குடும்பத்தின் ஐந்து பேர் இதே மாதிரி மூச்சுத் திணறிப் போனார்கள். அதிலும் மூன்று பிள்ளைகள். நெருப்பு அறைக்காற்றைத் தின்று கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலிருந்து எழுப்பவும் செய்யாது. வெப்பமண்டலத்துக்காரர்களாகிய நாம் குளிரைக் கண்டால் செய்யும் முதல் காரியம் எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டு ஒன்றாகப் படுப்பதுதான். கூட்டமும் குழந்தைகளும் என்றால் இன்னும் அதிகமாகச் செய்வோம்.

ஆகவே ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்ததும் நடையிலிருந்த புகாரியைத்தான் முதலில் பார்த்தேன். புகாரி என்பது விறகு போடும் இரும்பு அடுப்பு. அதன் குழாய் கூரைக்கு வெளியே போகிறதா, மூட்டில் புகை கசிகிறதா என்று நின்று பார்த்த பிறகுதான் பெட்டியை இறக்கச் சொன்னேன். அறைக்குள் கேஸ் ஹீட்டர் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டோம். படுக்கைக்கு அடியில் விரிக்கும் எலக்ட்ரிக் போர்வை கொடுத்தார்கள். படுக்கையில் நனைக்கும் பிள்ளைக்கு அது எத்தனை ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். படுப்பதற்கு முன்பு அரைமணி நேரம் சூடாக்கிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, பிறகு பிள்ளையைப் போட்டோம். சின்னதுக்குக் கொண்டுபோன ரப்பர் விரிப்பு அங்கே தங்கத்துக்குச் சமம்.

சாப்பாட்டுக்குப் பயந்தது வீண். காஷ்மீரிகள் நம்மைவிடச் சோற்றுக்காரர்கள். இரண்டு வேளையும் சோறுதான், கூடக் கீரை மாதிரி ஹாக். குல்மர்க் 2,650 மீட்டர் உயரம். தண்ணீர் தொண்ணூற்றொரு டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. முதல் நாள் வந்த பருப்பு விரலில் உருண்டது. அத்தை நேரே சமையல்கட்டுக்குப் போய், குக்கரில் இன்னும் கூடுதலாக விசில் விடச் சொல்லி, தமிழிலேயே பேசிவிட்டு வந்தார். மறுநாள் பருப்பு குழைந்து வந்தது. சமையல்காரருக்கும் அவருக்கும் அதன் பிறகு என்னென்னவோ பேச்சு. ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

சரிவுக்குப் பக்கத்தில் தங்கியதன் உண்மையான லாபம் எனக்கு அங்கே போன பிறகுதான் விளங்கியது. குடும்பத்தோடு போகும் எந்தச் சுற்றுலாவிலும் ஒரு பெண் பையைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குழந்தை தூங்கும், அவள் மடிதான் தொட்டில். தங்குமிடம் தூரமாக இருந்தால் நாள் முழுக்க அதுதான் கதி. எங்களுக்கு அறை ஐந்து நிமிட நடையில் இருந்ததால் முறை போட்டுக்கொண்டோம். காலையில் இரண்டு பேர் பிள்ளைகளோடு பயிற்சியாளரிடம், மற்றவர்கள் மேலே, மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் அறைக்கு, பிறகு மாற்று. மூன்று வயது வாண்டு முக்கால் மணி நேரத்தில் போதும் என்று சொல்லிவிடும். உடனே அத்தையிடம் கொண்டுவிடலாம். எட்டு வயதுக்காரன் இருட்டும்வரை வரமாட்டான், அவனோடு அவன் மாமா. ஐந்து வயது நடுப்பிள்ளைதான் யாரோடு சேருவது என்று தெரியாமல் சறுக்கு வண்டிக்காரரோடு சிநேகமாகி, அவர் கயிற்றால் இழுக்கும் வண்டியில் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

என் ஓர்ப்படி, கொழுந்தன் மனைவி, கிளம்பும்போதே சொல்லியிருந்தாள்: "அக்கா, நான் பிள்ளையைப் பாத்துக்கறேன், எனக்கு இந்தச் சறுக்கெல்லாம் வேண்டாம்." வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள் என்று அவளிடம் சொன்னபோதும், "அறைலதானே இருக்கப்போறேன், எனக்கு எதுக்கு?" என்றாள். முறை என்றால் எல்லோருக்கும் முறை என்று அத்தை அதட்டித்தான் அவளை பூட்ஸ் மாட்ட வைத்தோம். முதல் நாள் எழுந்ததைவிட விழுந்ததே அதிகம். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள். இரண்டாம் நாள் இழுவைக் கயிற்றைப் பிடித்து மேலே போய்விட்டாள்.

அன்று மதியம் அவள் முறை முடிந்து என் முறை. நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். ஆளைக் காணோம். கொழுந்தன் ஃபோன் போட்டுப் பார்த்தார். அந்த எண்தான் வேலை செய்யாதே. கோல்ஃப் மைதானம் முழுக்கச் சிவப்பு ஜாக்கெட்டுகள். எல்லாமே வாடகைக்கு எடுத்தவை, எல்லாமே ஒரே மாதிரி. அரைமணி, ஒரு மணி ஆயிற்று. அத்தை ஜன்னலோரம் சின்னதுக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டே, "விடுங்கடா, வருவா" என்றார். நாலரை மணிக்கு வந்தாள், மூக்குச் சிவந்து, கண்ணிமையெல்லாம் பனி. "மணி என்னக்கா, ஒண்ணு ஆயிருக்குமா?"