உள்ளறை

தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் லயங்களில் வீடு என்றால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, முன்னால் ஒடுக்கமான திண்ணை. அதற்குள் நாங்கள் ஏழு பேர். அடுத்த வீட்டில் தாளிக்கிற சத்தமும், குடித்துவிட்டு வந்தவரின் ஏச்சும், அதற்கடுத்த கத்தோலிக்க வீட்டின் ஜெபமாலையும் சுவரைத் தாண்டி எங்கள் பாய்க்கு வந்துவிடும். ஜெபம்பண்ணுகிறவன் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று இயேசு சொல்லும் இடம் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. ஞாயிறு பள்ளியில் அதை வாசிக்கும்போது பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். உள்ளறை என்ற ஒன்று எங்களில் ஒருவர் வீட்டிலும் கிடையாது.

என் ஆச்சிக்கு மட்டும் ஒன்று இருந்தது. அதைத் தேயிலைக் காட்டுக்குள் வைத்திருந்தாள்.

பாக்டரிச் சங்கு ஊதும் முன்பே எழுந்து, அடுப்பு மூட்டி, சோறு கட்டி, மஸ்டருக்குப் போய் நிற்பாள். பேர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். ஆனி, ஆடி மாதங்களில் மூடுபனி இறங்கினால் அடுத்த நிரையில் நிற்கிற ஆள் தெரியாது. அப்போதுதான் ஆச்சி பேச ஆரம்பிப்பாள். பள்ளி விடுமுறையில் தூக்குவாளியில் கடுங்காப்பி கொண்டுபோகிற நான் அந்தக் குரலை வைத்தே அவள் எந்த நிரையில் நிற்கிறாள் என்று கண்டுபிடிப்பேன். இடுப்பில் பிளாஸ்டிக் சாக்கு, தலையில் கம்பளி, முதுகில் கூடை. இரண்டு கையும் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டே இருக்கும். இலைக்கறை ஏறி விரல் நுனியெல்லாம் கறுத்து, வெடிப்புக்குள் கோடு கோடாக நிற்கும். வாய் மட்டும் வேறு ஒருவரோடு.

"நேத்து ஈரத்துக்குன்னு எடையில கழிச்சிட்டாவ ஆண்டவரே. இன்னைக்காவது பாத்துக்கிடும். சின்னவனுக்குக் காய்ச்சல் விடலை. ஒமக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சும் சும்மா இருக்கீரே, அதுதான் எனக்கு வருத்தம்."

இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றும். பிறகு அவரோடு கோபித்துக்கொண்டவள்போல் இரண்டு மூன்று செடி தாண்டிப்போய், மறுபடியும் தொடங்குவாள்.

பிரசங்கியார்கள் தேவனோடு தனிப்பட்ட உறவு என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்த நிரைதான் ஞாபகம் வருகிறது. இன்றைக்கு அந்தப் பேச்சு நிறையக் கேட்கிறது. கன்வென்ஷன் பந்தலிலும் கைப்பேசியிலும் அது பெரும்பாலும் கேட்டது கிடைத்த கணக்காகவே சொல்லப்படுகிறது. ஆச்சி கேட்டதில் பாதி அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. கேட்டது கிடைத்தால்தான் உறவு என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒப்புக்கொண்டால் அவளுடைய வாழ்நாள் முழுவதையும் தள்ளிவிட வேண்டியிருக்கும்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. வேதப்புத்தகத்தைத் துணியில் சுற்றி அரிசிப் பெட்டிக்கு மேல் வைத்திருந்தாள். ராத்திரி சிமினி விளக்கு வெளிச்சத்தில் நான்தான் வாசிக்க வேண்டும். அதிகம் கேட்டு வாங்கியது ஆதியாகமம் பதினாறு, ஆகாரின் கதை. எகிப்திலிருந்து வந்த அடிமைப் பெண். எஜமானி கொடுமை தாங்காமல் வயிற்றுப் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடுகிறாள். நீரூற்றின் பக்கத்தில் தேவதூதன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கே இருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரிக்கிறான். தன்னைக் கண்டவருக்கு அவள் ஒரு பெயர் வைக்கிறாள். வேதாகமத்தில் கடவுளுக்குப் பெயர் வைத்த முதல் ஆள் அந்த அடிமைப் பெண்தான். அந்த இடம் வந்ததும் ஆச்சி, "ஏட்டி, இன்னொரு மட்டம் வாசி" என்பாள். மஸ்டரில் பேர் கூப்பிடுவது ஆள் வந்ததா என்று பார்க்க. இங்கே ஒருவர் பேர் சொல்லி அழைத்து, எங்கேம்மா போகிறாய் என்று கேட்கிறார். அந்த வித்தியாசத்தை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த விசுவாசத்தை மலைக்குக் கொண்டுவந்தது துரைமார் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பாதி உண்மைகூட இல்லை. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்றுத் தம்புரானிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்த பிறகு, கங்காணிகள் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் ஆள் கட்டி வந்தார்கள். போடியிலிருந்து கொட்டகுடி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு நடை. பின்னாளில் அதே சரிவில் ரோப்வே போட்டுத் தேயிலைப் பெட்டிகளைக் கீழே இறக்கினார்கள். பெட்டி கம்பியில் போனது, ஆள் காலால் ஏறியது. மிஷனெரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல். அவர் காலத்திலிருந்தே நெல்லைச் சீமையில் கிறிஸ்தவ ஊர்கள் வளர்ந்திருந்தன. அப்படி ஒரு ஊரிலிருந்து வந்த ஆச்சியின் அப்பா, துணிமூட்டைக்குள் ஒரு வேதப்புத்தகத்தையும் வைத்துக் கட்டிக்கொண்டு ஏறியவர். கேரளத்தார் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று சொல்லும் 1924ஆம் வருஷத்துப் பெருமழையில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதை அடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்ததாக அவர் சொல்வாராம்.

மூணாறில் குன்றின்மேல் நிற்கிற கல்கோவில், இன்றைய சி.எஸ்.ஐ. ஆலயம், 1910இல் அடிக்கல் போடப்பட்டது. அதற்கு முன்பே அங்கே கல்லறைத் தோட்டம் வந்துவிட்டது. 1894இல் காலராவில் இறந்த எலனோர் நைட் என்கிற இளம் வெள்ளைக்காரப் பெண்ணை அந்தக் குன்றில்தான் அடக்கம்பண்ணினார்கள். ஆலயச் சுவரில் துரைமார் பெயர் பொறித்த பித்தளைத் தகடுகள் இருக்கின்றன. கிறிஸ்மஸுக்கு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து அங்கே போவோம். வழவழப்பான மரப்பெஞ்சில் ஆச்சி நுனியில்தான் உட்காருவாள். அந்தக் கண்ணாடிச் சன்னல்களைப் பார்த்து நான் வாயைப் பிளந்துகொண்டிருக்க, அவள் அன்றைக்குப் பாமாலை பாடுவதோடு சரி. திரும்பி வந்து மறுநாள் காட்டுக்குள் இறங்கிய பிறகுதான் ஆண்டவரிடம் விவரமாகப் பேசுவாள். அதற்காக அவள் சபையைத் தள்ளிவைத்தவள் அல்ல. லயத்தில் வீட்டு ஜெபம் ஒரு வாரமும் தவறவிட்டதில்லை. யார் வீட்டில் ஜெபம் என்றாலும் கட்டஞ்சாயாவும் பன்னும் உண்டு. பிள்ளையார் கோவிலுக்குப் போகிறவர்களும் வந்து வாசலில் உட்காருவார்கள்.

சித்தியைக் கட்டிக்கொடுத்தது பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில். வாய்க்காலும் பனையுமான வெயில் பூமி. அங்கேயும் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அந்தப் பகுதிக் கத்தோலிக்கர்களுக்கு 2013 கடைசியில் சுல்தான்பேட்டை தனி மறைமாவட்டமானது. சித்தியின் மாமியார் ஜெபமாலை உருட்டிக்கொண்டே வாய்க்கால் கரையில் மாடு ஓட்டிப் போவார். ஆச்சி அங்கே போனபோது இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். அவர் மணி உருட்ட, இவள் தன் பாட்டுக்கு முணுமுணுக்க, ஒருவரை ஒருவர் திருத்தாமல் போய்வந்தார்கள். சபை வேறுபாடு பற்றி நான் கேட்ட எந்தப் போதனையையும்விட அந்த நடை எனக்குப் பெரியது.

2020 ஆகஸ்டு 6ஆம் தேதி ராத்திரி ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். பலருக்குச் சொந்த ஊர் கயத்தாறு பக்கம். உறங்கிக்கொண்டிருந்த குழந்தைகளும் அதில் உண்டு. அந்தச் செய்தி வந்த நாட்களில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. தேவ சித்தம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. அதைப் படித்ததும் உடம்பு பதறியது. அப்போது நான் எடுத்து வாசித்தது சங்கீதம் 88. பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் துதிக்குத் திரும்பும். இது திரும்பாது, இருளிலேயே முடிந்துவிடும். ஆனால் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை அது அவரைப் பார்த்தே பேசுகிறது. ஆச்சி உயிரோடு இருந்திருந்தால் சமாதானம் சொல்லியிருக்கமாட்டாள். நிரைக்குள் போய்ச் சண்டை பிடித்திருப்பாள். நானும் அதைத்தான் செய்தேன். பல நாள் செய்தேன். அவர் இருக்கிறார் என்று நம்பாதவளுக்கு அவரோடு சண்டைபோட என்ன இருக்கிறது?

வேலையிலிருந்து ஓய்வுபெற்றால் லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டும். வாழ்நாளெல்லாம் மலையில் உழைத்தவர்களுக்கு அங்கே ஒரு பிடி மண் சொந்தமில்லை. ஆச்சியும் அப்படித்தான் இறங்கினாள். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில், கரிசல் காட்டைப் பார்த்த ஓட்டு வீடு. முதல்முதலாக அவளுக்குக் கதவு வைத்த அறை கிடைத்தது. அதைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நிற்பாள் என்று எதிர்பார்த்தோம். அவளோ விடிகாலையில் எழுந்து பருத்திக் காட்டு வரப்பில் நடந்துகொண்டே பேசினாள். கை மட்டும் சும்மா இருக்கமுடியாமல் முந்தானை நுனியைக் கிள்ளிக்கொண்டிருக்கும்.

அவளைப்போல மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் கயத்தாறு, சங்கரன்கோவில், தென்காசி, போடி வட்டாரச் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். மைக்கைக் கண்டால் கூச்சம். சாட்சி சொல்ல எழுந்து வரமாட்டார்கள். ஆராதனை முடிந்ததும் அவசரப்பட்டுக் கிளம்பாமல் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். காட்டுக்குள் ஆண்டவரிடம் என்ன பேசுவீர்கள் என்று கேளுங்கள். முதலில் சிரித்து மழுப்புவார்கள். விடாமல் கேளுங்கள்.