பெயர் கொடுத்தால் மட்டும் போதுமா?

2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாத ஆரம்பம். ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், லயத்து வாசலில் மாதர் சங்கக் கூட்டம் நடந்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பின்னரும் ஓர் அக்கா மட்டும் போகாமல் நின்றார். கொழுந்து பறிப்பவர், கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். பிரதேச சபைத் தேர்தலில் வேட்பாளராக ஒரு கட்சிக்குப் பெயர் கொடுத்திருந்தார். கொடுக்கத் தூண்டியவள் நான்.

"இந்த எலெக்சன் நடக்குமா மிஸ்? துண்டுப் பிரசுரம் அடிக்கத் தோட்டை அடகு வச்சிட்டேன்" என்றார்.

"நிச்சயமாக நடக்கும் அக்கா. மார்ச் 9ஆம் திகதி என்று தேர்தல்கள் ஆணைக்குழு அறிவித்துவிட்டது. அது சுயாதீனமானது. யாரும் நினைத்தபடி மாற்ற முடியாது" என்றேன்.

சமூகவியல் படித்த தைரியத்தில் சொன்ன வார்த்தை அது. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

அந்த அக்காவை நான் தூண்டியதற்குக் காரணம் இருந்தது. உள்ளூராட்சி மன்றங்களில் நீண்ட காலமாகப் பெண்கள் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தார்கள். 25 சதவீத ஒதுக்கீடு சட்டமாகி, 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. லயத்துக் கூரை, தண்ணீர், பாதை என்று பெண்கள் அன்றாடம் சுமக்கும் பிரச்சினைகளைப் பேச, அவற்றைச் சுமப்பவளே சபைக்குப் போக வேண்டும் என்று நம்பினேன்.

வாக்கு என்பது அந்த அக்காவின் குடும்பத்துக்குச் சாதாரண விடயம் அல்ல. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தவர் அவருடைய பாட்டி. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையக மக்களில் பெரும்பாலானோரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிவிட்டன. பாட்டி மறுபடி வாக்களிக்காமலே இறந்து போனார். எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைக்கு வழிசெய்ய 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்ணின் பெயர் வேட்பாளர் பட்டியலில் வந்தபோது அந்த லயமே மகிழ்ந்தது.

ஆனால் மார்ச் 9இல் தேர்தல் நடக்கவில்லை. திறைசேரியில் பணம் இல்லை என்றார்கள். பணம் கிடைக்காமல் வாக்குச்சீட்டு அச்சடிப்பதும் தடைப்பட்டது. ஒதுக்கிய பணத்தைத் தடுத்து வைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் மார்ச் 3ஆம் திகதி இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. ஏப்ரல் 25 என்று புதிய திகதி குறிக்கப்பட்டது. அன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் 'சுயாதீனம்' என்ற சொல்லை நான் திரும்பவும் படிக்க வேண்டியிருந்தது. சுயாதீனத் தேர்தல் ஆணைக்குழு வேண்டும் என்று 17ஆவது திருத்தம் சொன்னது 2001இல். ஆனால் 19ஆவது திருத்தத்தின் பின்னர், 2015 நவம்பரில்தான் ஆணைக்குழு உண்மையில் அமைந்தது. அதுவரை தேர்தல் ஆணையாளரும் அவருடைய திணைக்களமுமே தேர்தல்களை நடத்தி வந்தார்கள். ஆணைக்குழு அமைந்த பிறகும் பணம் திறைசேரியிடம், அச்சகம் அரசாங்கத்திடம், பாதுகாப்பு பொலிஸாரிடம். இவை எல்லாம் ஒத்துழைத்தால்தான் ஆணைக்குழு சொன்ன திகதிக்கு மதிப்பு. சொந்த வீட்டில் இருந்தாலும் அடுப்பெரிக்க அரிசியும் விறகும் இன்னொருவரிடம் கேட்டு நிற்கும் பெண்ணின் நிலை போன்றது அது. நம்மில் பலருக்கு இது விளங்கும்.

2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்றது. அந்தப் பொறுப்பிலிருந்து ஆணைக்குழுவையும் அது விடுவிக்கவில்லை. கையில் பணம் இல்லை என்பதற்காக வாய் மூடி இருக்க முடியாது என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். அந்த வழக்குகளை ஆணைக்குழு தொடுக்கவில்லை. தொடுத்தவர்கள் கட்சிகளும் கண்காணிப்பு அமைப்புகளும் பொதுமக்களுமே.

ஆணைக்குழுவால் நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. தேசிய அடையாள அட்டை இல்லாத பெண்கள் வாக்களிக்கத் தற்காலிக அட்டை கிடைக்கிறது. கண்பார்வை அற்றவர் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். 2024இல் ஜனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும் இரண்டு மாதங்களுக்குள் அமைதியாக நடந்து முடிந்தன. இவை சிறிய காரியங்கள் அல்ல.

உள்ளூராட்சித் தேர்தல் கடைசியில் 2025 மே 6ஆம் திகதி நடந்தது. பழைய வேட்புமனுக்கள் சட்டத்தின் மூலம் இரத்தாகி, புதிதாகப் பெயர் கேட்டார்கள். நான் மறுபடியும் அந்த அக்காவிடம் போனேன்.

"ஒரு தரம் போதும் மிஸ். தோடு இன்னும் கடையிலதான் கெடக்கு. ஓட்டு மட்டும் போடுவேன். அது எங்க பாட்டிக்காக" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

அவர் வாக்களித்துவிட்டு வந்து மை பூசிய விரலைக் காட்டினார். "நிச்சயமாக நடக்கும்" என்று அன்று நான் சொல்லியிருக்கக் கூடாது. "நடக்க வேண்டும் அக்கா, நடக்காவிட்டால் நாம் கேட்க வேண்டும்" என்றே சொல்லியிருக்க வேண்டும்.

சகோதரிகளே, வாக்காளர் இடாப்பு பார்வைக்கு வைக்கப்படும்போது கிராம உத்தியோகத்தரிடம் போய் உங்கள் பெயரைப் பாருங்கள். பதினெட்டு வயதான மகளின் பெயரையும் பாருங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். குறித்த நாளில் தேர்தல் நடக்காவிட்டால், ஏன் என்று முதலில் கேட்கும் குரல் நம்முடையதாக இருக்கட்டும்.