யார் நிலத்தில் நடக்கிறோம், யார் தண்ணீரைக் குடிக்கிறோம்?

வரும் அக்டோபரில் எட்டு நாள் பயணம் ஒன்று முடிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வசிக்கும் என் தங்கை குடும்பத்தோடு அரிசோனா, யூட்டா மாநிலங்களின் பாலைநிலப் பூங்காக்களைக் காரில் சுற்றப் போகிறோம். முக்கியமான இடங்களில் இறங்கி நடக்கவும் வேண்டும். திட்டம் போடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டு, கல்லூரியில் படிக்கும் தங்கை மகள் கேட்டாள்: "மாமா, இது லீவா, கள ஆய்வா?"

நியாயமான கேள்விதான். அவளுக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இந்த வழியில் பயணம் போகிற நம் நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எங்கள் வழி இதுதான். ஃபீனிக்ஸிலிருந்து வடக்கே கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு. அங்கிருந்து பேஜ் என்ற சிற்றூர். பிறகு யூட்டாவுக்குள் சையன், பிரைஸ் கேன்யன். திரும்பும்போது நவாஹோ மக்களின் நிலம் வழியாக மானுமென்ட் வேலி, கேன்யன் டி ஷே. கடைசியாக ஃபீனிக்ஸ்.

பாலைநிலத்தில் எந்தத் திட்டமும் தண்ணீர்க் கணக்கில்தான் தொடங்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று வைத்துக்கொண்டேன். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே நடந்தால் உடலில் உப்புக் குறைந்து மயக்கம் வரும். ஆகவே உப்புள்ள தின்பண்டமும் பையில் இருக்க வேண்டும். இதை எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லும். அந்தத் தண்ணீர் யாருடையது, அது யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதைத்தான் புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

கிராண்ட் கேன்யனில் நாங்கள் நடக்கப்போவது பிரைட் ஏஞ்சல் பாதை. விளிம்பிலிருந்து 7 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நடந்து, ஏறத்தாழ 3,000 அடி கீழே இறங்கினால் மரங்கள் சூழ்ந்த ஓர் ஊற்றிடம் வரும். மலையேறுவதற்கு நேர்மாறான கணக்கு இது. முதலில் சுலபமான இறக்கம், களைத்த பிறகு கடுமையான ஏற்றம். இறங்க ஆன நேரத்தைப்போல் இரண்டு மடங்கை ஏறுவதற்கு ஒதுக்க வேண்டும். ஒரே நாளில் அடியிலுள்ள ஆறுவரை போய்த் திரும்பாதீர்கள் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. வழியிலுள்ள குடிநீர்க் குழாய்கள் எப்போதும் இயங்கும் என்றும் நம்பக்கூடாது. அன்றன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

அந்த ஊற்றிடத்துக்குப் பல காலமாக 'இந்தியன் கார்டன்' என்று பெயர். அது ஹவசுபாய் மக்கள் குடியிருந்து பயிர் செய்த இடம். இன்று பயணிகள் நடக்கிற பாதையும் அடிப்படையில் அவர்கள் போட்ட தடம்தான். அதைச் சுரங்கம் தேடி வந்தவர்கள் அகலப்படுத்தினார்கள். ரால்ஃப் கேமரன் என்பவர் தனதாக்கிக்கொண்டு தலைக்கு ஒரு டாலர் சுங்கம் வசூலித்தார். இவர் பின்னாளில் செனட்டரும் ஆனார். 1919-இல் தேசியப் பூங்கா வந்தது. 1928-இல் அந்த ஊற்றிடத்தின் கடைசிக் குடியிருப்பாளரான கேப்டன் பர்ரோ கட்டாயமாக வெளியேற்றப்பட்டார். சொந்த ஊற்றைவிட்டு ஆளைத் துரத்திவிட்டு, அந்த இடத்துக்கு 'இந்தியனின் தோட்டம்' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள்!

அதற்கு ஓராண்டு முன்பு, 1927 மார்ச்சில்தான் பாபாசாகேப் மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே நிலத்தோடு சேர்த்துத் தண்ணீரும் போனது. இங்கே ஊருக்கு நடுவிலேயே வைத்துக்கொண்டு தண்ணீரை மறுத்தார்கள். ஆனால் தண்ணீரைத் தொட யாருக்கு உரிமை என்ற கேள்வியோடு வளர்ந்த எவருக்கும் அந்த ஊற்றின் கதை அந்நியமாக இருக்காது.

ஹவசுபாய்கள் விட்டுவிடவில்லை. 1882-இல் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது வெறும் 518 ஏக்கர். நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு, 1975-இல் ஏறத்தாழ 1,85,000 ஏக்கரைத் திரும்பப் பெற்றார்கள். 2022-இல் அந்த ஊற்றிடத்தின் பெயர் 'ஹவசுபாய் கார்டன்ஸ்' என்று அதிகாரபூர்வமாக மாறியது. இருந்தும் கவலை ஓயவில்லை. கேன்யனுக்குத் தெற்கே இருக்கிற ஒரு யுரேனியச் சுரங்கத்தில் 2023 இறுதியில் தாது எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நிலத்தடி நீர் கெட்டால் தங்கள் ஊரே அழியும் என்று ஹவசுபாய்கள் எதிர்த்து வருகிறார்கள்.

அடுத்தது பேஜ். இங்கே எல்லாரும் ஆன்டிலோப் கேன்யனுக்காகவே வருகிறார்கள். அது நவாஹோ மக்களின் பூங்கா. நவாஹோ வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது, முன்பதிவும் அவசியம். 1997 ஆகஸ்டில் எங்கோ தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் திடீரென்று புகுந்து இங்கே 11 பயணிகள் இறந்தார்கள். ஆகவே மழை என்று வழிகாட்டி பயணத்தை ரத்து செய்தால் சண்டை போடக்கூடாது. நம் தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சையனில் ஆற்றுக்குள்ளேயே நடந்து போகிற 'நேரோஸ்' பாதைக்கும் இதே விதிதான்.

பேஜில் என் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் மருமகள் சிரித்தாள். இப்போது இல்லாத ஓர் அனல்மின் நிலையம் அது. 2,250 மெகாவாட் திறன் கொண்டது. 2019-இல் மூடினார்கள், அடுத்த ஆண்டு புகைபோக்கிகளைத் தகர்த்தார்கள். நிலம் நவாஹோக்களுடையது. நிலக்கரி நவாஹோ, ஹோபி மக்களின் நிலத்திலிருந்து வந்தது. மின்சாரம் எங்கே போனது? கொலராடோ ஆற்றுத் தண்ணீரை 500 கிலோமீட்டருக்கும் மேலான கால்வாய் வழியாக ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் ஏற்றி அனுப்ப அதில் ஒரு பங்கு போனது. அந்த மின்கம்பிகளுக்குக் கீழே நவாஹோ வீடுகள் பல இருட்டில் கிடந்தன.

என் தங்கை வீட்டுச் சமையலறைக் குழாயில் வருகிற தண்ணீரில் அந்தக் கால்வாய்க்கும் பங்குண்டு. அதைத்தான் பாட்டில்களில் நிரப்பிக்கொண்டு நாங்கள் கிளம்பப் போகிறோம். நாங்கள் கடந்து போகிற நவாஹோ நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டுக்கு இன்றும் குழாய்த் தண்ணீர் இல்லை. லாரியில் தொட்டியை ஏற்றிப் பல மைல் போய்ப் பிடித்து வருகிறார்கள். தங்கள் தண்ணீர்த் தேவையை அரசு கணக்கெடுத்து ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். 1868 ஒப்பந்தத்தின்படி அரசுக்கு அப்படிக் கடமை எதுவும் இல்லை என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இதைக் கேட்டதும் மருமகள் சிரிப்பதை நிறுத்தினாள். அந்த இடத்தில் காரை நிறுத்தலாம் என்று அவளே பட்டியலில் எழுதினாள்.

சையன், பிரைஸ் பற்றிச் சுருக்கமாக. சையனில் சங்கிலியைப் பிடித்து ஏறும் 'ஏஞ்சல்ஸ் லேண்டிங்' பாதைக்கு 2022 முதல் குலுக்கல் முறையில் அனுமதி. கிடைத்தால் போவோம். சையன் 1909-இல் பாதுகாக்கப்பட்டபோது, அங்குள்ள பாயூட் மக்களின் மொழியிலிருந்து வந்த 'முகுன்டுவீப்' என்ற பெயர்தான் இருந்தது. வாயில் நுழையவில்லை, பயணிகள் வரமாட்டார்கள் என்றெல்லாம் சொல்லி 1918-இல் பைபிள் பெயராக மாற்றினார்கள். பிரைஸ் உயரமான இடம், அக்டோபரில் விடியற்காலை உறையும் குளிர். ஸ்வெட்டர் கட்டாயம்.

மானுமென்ட் வேலி 1958 முதல் நவாஹோக்கள் தாங்களே நடத்தும் பூங்கா. தேசியப் பூங்கா பாஸ் இங்கே செல்லாது. தனிக் கட்டணம் கொடுக்க வேண்டும், கொடுக்கத்தான் வேண்டும். நேரத்திலும் கவனம் தேவை. அரிசோனா கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவாஹோ நிலத்தில் மாற்றுகிறார்கள். அக்டோபரில் ஒரு மணி நேரம் வித்தியாசம் வரும். செல்போனை நம்பினால் முன்பதிவு போய்விடும். மது அங்கே தடை. ஆட்களைக் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. அது அவர்கள் வாழும் ஊர்.

கடைசி இடமான கேன்யன் டி ஷேவுக்காகத்தான் ஒரு நாளைக் கூட்டினேன். 1864-இல் அமெரிக்கப் படை இந்தப் பள்ளத்தாக்குக்குள் புகுந்து ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டியது. மக்களை 500 கிலோமீட்டருக்கு அப்பால் நடத்தியே கொண்டுபோய் அடைத்தது. 1868-இல் ஒப்பந்தம் போட்டுத் திரும்பி வந்தவர்கள் மறுபடி விதைத்தார்கள். 1931-இல் இது தேசிய நினைவிடம் ஆனபோதும் நிலம் அவர்களிடமே இருந்தது. நவாஹோ குடும்பங்கள் இன்றும் கீழே விவசாயம் செய்கின்றன. பூங்கா நிர்வாகமும் இருக்கிறது, நாமும் வழிகாட்டியோடு இறங்கிப் பார்க்கலாம்.

இயற்கையைக் காப்பாற்ற அங்கே வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்தித்தான் ஆக வேண்டும் என்று உலகம் முழுக்க அதிகாரிகள் சொல்வது எவ்வளவு பொய் என்பதற்கு அந்தப் பள்ளத்தாக்கே சாட்சி. ஆகவே நண்பர்களே, பாறைகளின் அழகை ரசியுங்கள், பிள்ளைகளோடு நடங்கள், வேண்டிய அளவு படம் எடுங்கள். ஆனால் 'யாரும் தொடாத இயற்கை' என்று எழுதிய பலகையை எங்கே பார்த்தாலும், இங்கே இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் வாசலில் நின்று சீட்டுக் கொடுக்கிற இடமாக இருந்தால், அந்தச் சீட்டை முதலில் வாங்குங்கள்.