சேலையூர் மாடியில் ஒரு புது வால்வு

அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் பெரியவர் வால்வைத் தொடவில்லை. மேசையில் வெள்ளைத் துண்டை நான்காக மடித்துப் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் எடுத்தார். கண்ணாடிக்குள் சாம்பல் நிறக் கிராஃபைட் தட்டு. சீனாவில் செய்த 3-500இசட் என்ற வெற்றிட வால்வு அது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள ஏதாவது கழண்டு ஆடுதான்னு பாக்கணும் தம்பி. கூரியர்ல என்ன பாடு பட்டு வந்துச்சோ."

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மொட்டை மாடியில் அவருடைய ரேடியோ அறை இருக்கிறது. தொலைத்தொடர்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். பொழுதுபோக்கு வானொலியான ஹாம் ரேடியோவில் பொது நிலை உரிமம் வைத்திருப்பவருக்கு நம் நாட்டில் 400 வாட் வரை அனுமதி உண்டு. கடையில் வாங்கும் சாதாரண செட் 100 வாட் தரும். மீதியைத் தருவது அவர் கையாலேயே கட்டிய பெருக்கி. ஹாம்கள் அதை லீனியர் என்பார்கள். அதன் பழைய வால்வு ஓய்ந்துவிட்டதால் புதியதைப் பழக்கும் வேலையைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

புது வால்வை அப்படியே சொருகி ஓட்டினால் என்ன ஆகும்? ஆலையில் குடுவையைச் சூடாக்கிக் காற்றை உறிஞ்சித்தான் மூடுகிறார்கள். ஆனாலும் கிராஃபைட்டிலும் உலோகத்திலும் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும் வாயு, கிடங்கிலும் கப்பலிலும் மாதக்கணக்கில் கிடக்கும்போது மெல்ல வெளியே கசிகிறது. அந்த நிலையில் 3000 வோல்ட் ஏற்றினால் வாயு அணுக்கள் மின்னூட்டம் பெற்று, தட்டுக்கும் அதற்குள் இருக்கும் கம்பி வலையான கிரிட்டுக்கும் இடையே மின்பொறி பாயும். 'டப்' என்று ஒரு சத்தம். கிரிட் போய்விடும், சில சமயம் கூடவே பெருக்கியில் உள்ள செனர் டயோடும் போகும். இதற்கு மருந்து வால்வுக்குள்ளேயே இருக்கிறது. வாயுவை விழுங்கும் சிர்கோனியம் போன்ற உலோகத்தை உள்ளே வைத்திருக்கிறார்கள். அது சூடேறினால்தான் வேலை செய்யும். ஆகவே முதலில் சூடு, பிறகுதான் உயர் மின்னழுத்தம். ஆலையில் தொடங்கிய வேலையின் கடைசிப் பகுதி இந்தச் சேலையூர் மாடியில்தான் நடக்கிறது. அந்த வகையில் இவரும் அந்த ஆலையின் தொழிலாளிதான் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் காற்றாடியைப் போட்டார். வால்வின் அடியில் கண்ணாடியும் ஊசிகளும் சேரும் இடத்துக்குக் காற்று இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டமாட்டார். பிறகு மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கை மெதுவாகத் திருப்பி இழைக்கு மின்சாரம் கொடுத்தார். குளிர்ந்த இழைக்குத் தடை குறைவு. ஒரேயடியாகக் கொடுத்தால் அளவுக்கு மீறி இழுக்கும். இழைக்குத் தேவை 5 வோல்ட், ஏறக்குறைய 15 ஆம்பியர். அந்த 5 வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மரில் அளந்து பயனில்லை, சாக்கெட்டின் ஊசியிலேயே அளக்க வேண்டும் என்றார். இந்தப் பக்கம் சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும்போது மின்னழுத்தம் இறங்குகிறது, நள்ளிரவில் ஏறுகிறது. தோரியம் கலந்த டங்ஸ்டன் இழைக்கு அழுத்தம் 3 சதவீதம் கூடினாலே ஆயுள் பாதியாகிவிடும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. அதனால் இரவில் எழுந்து வந்து மீட்டரைப் பார்த்துச் சரிசெய்கிறார். ஒரு பகலும் ஓர் இரவும் வால்வு வெறும் இழைச் சூட்டில் மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும். "நாம அவசரப்பட்டா அது தாங்காது" என்றார் அவர் மனைவி, காபி கொண்டு வந்தபோது. வீட்டில் எல்லாருக்கும் இது பாடமாகியிருக்கிறது.

அந்த இழை டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக் கொடுத்தவரையும் பார்க்க வேண்டும் என்றேன். குரோம்பேட்டையில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஷெட். ஸ்டெபிலைசருக்கும் இன்வெர்ட்டருக்கும் சுற்றிப் பிழைப்பவர். வால்வுக்காரர்கள் எப்போதாவதுதான் வருவார்கள். மெல்லிய எனாமல் கம்பியில் நூற்றுக்கணக்கான சுற்று, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே காகிதம். கடைசியில் இழைக்காகக் கனத்த செம்பில் சில சுற்று மட்டும். அந்தச் சில சுற்றுதான் கஷ்டம் என்றார். செம்பு வளையாது, ஒரு சுற்று குறைந்தாலும் கூடினாலும் வோல்ட் தவறிவிடும். "கம்ப்யூட்டர் கணக்கு சொல்லுது சார், ஆனா ஸ்டாம்பிங் எந்தத் தரத்துல வருதுன்னு கை வெச்சாத்தான் தெரியும்." ஸ்டாம்பிங் என்று அவர் சொல்வது டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகளை. முடிந்ததை வார்னிஷில் முக்கிக் காயவைக்கிறார். பட்டறையில் வேறு யாரும் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளவில்லை.

மறுநாள் சேலையூரில் உயர் மின்னழுத்தம். அதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. லீனியரின் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, பூமியோடு கம்பி கட்டிய ஒரு கட்டையால் கண்டென்சரைத் தொட்டு, சத்தம் எதுவும் வரவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் கை உள்ளே போகும். கண்டென்சரில் தங்கும் மின்சாரம் ஆளைக் கொன்றுவிடும். இதில் அவர் யாருக்கும் விதிவிலக்குத் தருவதில்லை. என்னை ஓரடி பின்னால் நிற்கச் சொன்னார்.

தட்டுக்கு முதலில் சில நூறு வோல்ட்தான், அதுவும் நடுவில் ஒரு பெரிய தடையை வைத்து. சிக்னல் எதுவும் இல்லை. மீட்டர் முள் நின்ற இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். துள்ளினால் உடனே இறக்க வேண்டும். பிறகு படிப்படியாக ஏற்றி, நெடுநேரம் விட்டு, மறுபடி ஏற்றினார். அறை விளக்கை அணைக்கச் சொன்னார். கண்ணாடிச் சுவரில் நீலம் படர்ந்திருந்தது. அதற்குப் பயப்பட வேண்டாம் என்றார். தட்டுக்கும் இழைக்கும் நடுவே ஊதா மூட்டம் நின்றால்தான் வாயு. கடைசியில் ஆன்டெனாவைத் தொடாமல், அதற்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடில் சிக்னல் கொடுத்தார். தட்டின் கரண்ட் ஏற ஏற, கிராஃபைட் மங்கலாகச் சிவந்தது. அந்தச் சிவப்பைக் காண்பதற்காகத்தான் இவ்வளவு காத்திருப்பும். தட்டு அந்த அளவுக்குச் சூடானால்தான் மிச்ச வாயுவும் வெளியே வந்து விழுங்கப்படும்.

சென்னைக்கு இந்த வேலை புதிதல்ல. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், 1924 ஜூலை 31 அன்று 40 வாட் கருவியோடு ஒலிபரப்பைத் தொடங்கியது. பிறகு 200 வாட்டுக்கு வளர்ந்தது. பணமில்லாமல் 1927இல் நின்றபோது கருவி மாநகராட்சிக்குப் போனது. எல்லாம் வால்வுதான். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோப் பெட்டிகளுக்கான வால்வுகளையும் 1967இல் டிரான்ஸ்மிட்டர் வால்வுகளையும் செய்யத் தொடங்கியது. பெரிய ஒலிபரப்பு நிலையங்களில் அலமாரியில் இருக்கும் மாற்று வால்வுகளையும் சில மாதங்களுக்கு ஒருமுறை ஏற்றி ஓட்டி வைப்பது வழக்கம். சும்மா கிடந்தால் வாயு சேரும் என்பதே காரணம்.

டிரான்சிஸ்டர் லீனியர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2015 டிசம்பர் 1, 2இல் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கி, மின்சாரமும் செல்பேசியும் போனபோது உதவியிருக்கக்கூடியது பேட்டரியில் ஓடும் சின்ன செட்தான், இந்த லீனியர் அல்ல. அதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் மின்சாரம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக் கற்க வால்வை விட நல்ல ஆசான் இல்லை என்பது என் முடிவு. ஒரு டிரான்சிஸ்டர் செத்தால் ஏன் செத்தது என்று அது காட்டாது. வால்வு நிறத்திலேயே காட்டிவிடும்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி. முதல் வண்டலூர் தாண்டி வரிசையாக நிற்கும் பொறியியல் கல்லூரிகள் வரை எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஹாம் தேர்வை எழுத 12 வயது நிரம்பியிருந்தால் போதும். உரிமம் வாங்குங்கள். வால்வு வேலை தெரிந்த பெரியவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் திடமாக இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பூமிக் கம்பிக் கட்டையைப் பிடிப்பதிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.