உளி இருந்த கை

பத்து பெரண்டாமில் இருக்கும் எங்கள் வீட்டில் காய்ந்த மிளகாய் எண்ணெயில் கருகி, நெடி தொண்டையைப் பிடிக்கும்போதெல்லாம், புக்கிட் ஆசாகான் தோட்ட லயத்து வாசலில் பாட்டி எங்களை உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி விறகடுப்பில் போட்ட வெள்ளிக்கிழமைச் சாயங்காலங்கள் வந்துவிடுகின்றன, நெடி ஏறாவிட்டால் கண்ணு பட்டிருக்கு என்பாள், ஏறிவிட்டால் ஒண்ணுமில்ல, போய் விளையாடு என்பாள்.

மறுநாள் பெரட்டு என்னும் ஆள்கணக்கு முடிந்து, விடியாத இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் வாளியும் மறுகையில் பால்வெட்டும் உளியுமாகக் கித்தாக்காட்டுக்குள் போவாள், ஒட்டுப்பாலின் புளித்த வாடை அவள் சட்டையை விட்டுப் போனதே இல்லை. 1896-இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட பிறகு மலாக்கா எங்கும் பரவிய தோட்டங்களில் எத்தனையோ பெண்கள் இப்படி நடந்தார்கள், பன்றியோ குடிகாரனோ எது எதிரே வந்தாலும், உளி கையில இருக்கே என்பது பாட்டியின் தைரியம்.

ஸ்டோரில் ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட் மூக்கை எரிக்கும், தாத்தா எங்களைக் கிட்டவே விடமாட்டார். அப்படி அரிக்கும் பொருள்களையும் ஆயுதங்களையும் கட்டுப்படுத்தும் மலேசியாவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், பொது இடத்தில் ஆயுதம் வைத்திருக்க முறையான காரணம் கேட்கிறது, பாட்டியின் உளிக்கு அவள் வேலையே காரணமாக இருந்தது.

தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன, பேத்திகள் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து, வெறுங்கையோடு தனியே நடக்கிறார்கள், தெருவிளக்கு உண்டு, கூப்பிட்டதும் கதவு திறக்கும் லயம் இல்லை. அவர்களுக்குக் கைகொடுக்கக்கூடியது பெப்பர் ஸ்பிரே, அதில் இருப்பதும் மிளகாயின் காரந்தான், கண்ணை மூடவைத்து, இருமவைத்து, ஓடித் தப்பச் சில நிமிடம் தருகிறது. தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன, தேவைக்கு மேல் தாக்கக் கூடாதென்று 99-ஆம் பிரிவு வரம்பும் கட்டுகிறது, ஆனால் ஸ்பிரேயைப் பையில் வைத்திருப்பதே குற்றமாகிவிடுமோ என்று அவர்கள் அஞ்ச வேண்டியிருக்கிறது.

தவறான கைக்கும் ஸ்பிரே போகும், 2014 பிப்ரவரி 13 அன்று இந்திய மக்களவைக்குள்ளேயே ஓர் உறுப்பினர் அதை அடித்து, சக உறுப்பினர்கள் சிலர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அப்படி அடிப்பவரைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டும், அதற்காக இரவில் தனியே நடப்பவளின் கையை வெறுமையாக வைப்பது நியாயமில்லை. வயது வந்தவர்கள் தற்காப்புக்குச் சிறிய புட்டி ஒன்றை வைத்திருக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரியைத் தெளிவாக எழுதுங்கள், நாடாளுமன்றத்தில் இருப்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியது அதுதான்.