முள் சொல்லும் பொய்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் மலைப்பாதையில் கண்ணுக்கு விருந்து நிறைய உண்டு. கல்லாற்றில் பாக்குத் தோப்புகள். பர்லியாரில் மங்குஸ்தானும் துரியனும் விளையும் அரசுப் பழப்பண்ணை. ஆனால் நண்பர் ஆசையாகப் பாதுகாக்கும் பழைய காரில் போனால், எல்லார் கண்ணும் பெட்ரோல் முள்ளின் மேல்தான்!

ஒரு வளைவில் அது "பாதி" என்றது; அடுத்த வளைவில் "காலி" என்றது. ஏற வேண்டியதோ சுமார் 1,000 அடியிலிருந்து 6,000 அடிக்கு. "என்னங்க, குழந்தைகளோடு நடுமலையில் நிற்கப் போகிறோமா?" என்று நண்பரின் மனைவி கலங்கினார்.

முழுப் பழியையும் முள்ளின் மேல் போடக்கூடாது. டாங்கிக்குள் ஒரு மிதவை இருக்கிறது. சரிவில் பெட்ரோல் ஒரு பக்கம் சாய்ந்தால் மிதவையும் கூடவே ஏறி இறங்கும். சமதரையிலும் முள் தடுமாறினால்தான் கோளாறு.

குன்னூர் சமதரையிலும் அது தடுமாறியது. மெக்கானிக் சாவியைத் திருப்பி, டாங்கி ஒயரைக் கழற்றி, தள்ளி இழுத்துக் காரின் உடம்பில் தொட்டார். முள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடியது. "மீட்டர் நல்லாத்தான் இருக்கும்மா. கோளாறு டாங்கிப் பக்கம்" என்றார். அங்கே எர்த் இணைப்பில் துரு! சுரண்டி இறுக்கியதும் முள்ளுக்குப் புத்தி வந்தது. பெட்ரோல் அருகே பொறி பறந்தால் ஆபத்து. இந்தப் பரீட்சை தெரிந்தவர் கையிலேயே இருக்கட்டும்.

நாம் செய்யக்கூடியது வேறு. அடிவாரத்தில் டாங்கியை நிரப்பி, கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று கணக்கிடுங்கள். பால் கணக்கு எழுதத் தெரிந்த கைக்கு இது பிரமாதமா, என்ன?