பேய்க்கும் ஒரு கதை உண்டு

பேய்ப் படம் என்றாலே பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிடும் தாய்மார்கள் நம்மில் அதிகம். ஆனால் குடும்பத்தோடு உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிக்கவைத்த பேய்ப் படமும் உண்டு. 1984-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' அந்த ரகம். நம் ஊரில் பேய்தான் மனிதரைப் பிடிக்கும். அந்தப் படத்தில் மனிதர்கள் பேயைப் பிடிக்கிறார்கள்! நியூயார்க்கில் பல்கலைக்கழக வேலை போன மூன்று பேர், ஒரு பழைய தீயணைப்பு நிலையத்தில் பேய் பிடிக்கும் தொழில் தொடங்குகிறார்கள். நாலாவதாக ஒருவர் சம்பளத்துக்கு வந்து சேருகிறார். முதுகில் ஒரு இயந்திரம், பேயை அடைக்க ஒரு பொறி. வேலை முடிந்ததும் கையோடு பில்! 1989-ல் இரண்டாம் படமும் வந்தது.

எங்கள் வீட்டுக்கு உதவியது படத்தைவிட, அதை வைத்து வந்த வீடியோ கேம்கள்தான். சொன்னால் சிரிப்பீர்கள்.

என் மாமியார் தவறி இரண்டு வருஷமாகிறது. பதினோரு வயதான என் மகள் அதுவரை பாட்டியோடுதான் படுப்பாள். துக்கம் விசாரிக்க வந்த ஒரு அம்மாள், "ஆசையா வளர்த்த பேத்தி. கிழவி லேசுல விட்டுட்டுப் போவாளா?" என்று ஏதோ ஆதங்கத்தில் சொல்லிவிட்டுப் போனார். அது குழந்தை மனசில் அப்படியே ஒட்டிக்கொண்டது. பாட்டியின் அறையைத் தாண்டிப் போக மாட்டாள். ராத்திரி குளியலறைக்குத் துணை வேண்டும். தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். மடியில் வளர்த்த பாட்டியையே பேயாக நினைத்து நடுங்குகிறாளே என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மனசு கிடந்து தவித்தது.

அந்தக் கோடை விடுமுறைக்கு என் அண்ணன் மகன் வந்திருந்தான். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை. 1984-லேயே வெளிவந்த முதல் 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' கேமைத் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினான். டேவிட் கிரேன் என்பவர், ஏற்கெனவே தொடங்கியிருந்த ஒரு கார் விளையாட்டை மாற்றி, ஏறக்குறைய ஆறே வாரத்தில் முடித்ததாம். இன்றைய கேம்களுக்கு முன்னால் கட்டம் கட்டமாகக் கோலம் போட்டது போலத்தான் தெரிகிறது. ஆனால் விஷயம் இருக்கிறது. பேங்க் 10,000 டாலர் முன்பணம் தரும். அதற்குள் வண்டி வாங்க வேண்டும், பொறி வாங்க வேண்டும். வண்டிக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் பொறிக்குக் காசிருக்காது. மாசச் சம்பளத்தைப் பிரித்து வைக்கிற நமக்கு இது தெரியாதா என்ன! இரண்டு பேர் இரு பக்கம் நின்று கதிர் பாய்ச்சி, நடுவே பேயை மடக்க வேண்டும். கதிரோடு கதிர் மோதினால் ஆபத்து. ஆரம்பித்த பணத்தைவிட அதிகம் சம்பாதித்திருந்தால்தான் கடைசிக் கட்டத்துக்கே வழி. என் மகள் பேயை மறந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்!

அடுத்து அவன் போட்டது 2009-ல் வந்து, 2019-ல் மெருகேற்றி மறுபடி வெளியிடப்பட்ட கேம். படத்தில் நடித்த பில் மர்ரே, டான் அய்க்ராய்ட், ஹெரால்ட் ராமிஸ், எர்னி ஹட்சன் நால்வருமே குரல் கொடுத்திருக்கிறார்கள். படத்தை எழுதிய அய்க்ராய்டும் ராமிஸும் இதன் கதைக்கும் கைகொடுத்தார்கள். விளையாடுகிறவர் ஐந்தாவது ஆளாக, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராகக் கூடவே போகலாம். ராமிஸ் 2014-ல் காலமாகிவிட்டார். அவருடைய குரல் மட்டும் அங்கே இன்னும் யோசனை சொல்லிக்கொண்டே இருக்கிறது.

முதல் படத்தின் தொடக்கத்தில் நியூயார்க் நூலகத்தில் ஒரு கிழவிப் பேய் வரும். கத்திப் பயமுறுத்தும், அவ்வளவுதான். யார் எவர் என்று படம் சொல்வதில்லை. 2009 கேமில் அதே நூலகத்துக்குத் திரும்பப் போகிறோம். அவள் அங்கே வேலை பார்த்த எலினோர் ட்விட்டி என்றும், அரிய புத்தகங்கள் மேல் வெறிகொண்ட ஒருவன் அவளைக் கொன்றுவிட்டான் என்றும் அங்கே தெரியவருகிறது.

என் மகள் திரையை விட்டு என்னிடம் வந்தாள். "பாவம்மா அவங்க. வேலை பார்த்துக்கிட்டு இருந்தவங்கம்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம பாட்டி சின்னப் பொண்ணா இருந்தப்போ என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியது, பதினேழு வயதில் இந்த வீட்டுக்கு வந்தது, ஒளித்து வைத்துக் கதைப் புத்தகம் படித்தது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அன்றைக்கே பயம் பறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வாரம் பட்டப்பகலில் அந்த அறைக்குப் போய்ப் பாட்டியின் மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்தாள். மெல்ல மெல்லத் தூக்கமும் வந்தது.

2022-ல் வந்த கேமில் நாலு பேர் ஒரு பக்கம், எதிரே ஒருவர் பேயாகவே விளையாடலாம். "நான்தான் பேய்!" என்று இப்போது முதலில் சண்டைக்கு நிற்பது இவள்தான்.

பெயரை மட்டும் நம்பி எல்லாவற்றையும் வாங்கிவிடாதீர்கள், சகோதரிகளே. 1986-ல் ஜப்பானில் வந்த ஒன்றில், பட்டனைத் தட்டித் தட்டி மாடிப்படி ஏறியே கை ஓய்ந்துவிடும். கஷ்டப்பட்டு ஜெயித்தால், அதன் அமெரிக்கப் பதிப்பில் வரும் ஆங்கில வாழ்த்திலேயே எழுத்துப் பிழை! நான்கு பெண்கள் பேய் பிடித்த 2016-ம் வருஷப் படத்தோடு வந்த கேமும் எடுபடவில்லை. அதைச் செய்த கம்பெனி சில நாட்களிலேயே திவாலானது.

2009 கேம் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே குறிக்கப்பட்டது. அதனால் அண்ணன் விளையாட, மகள் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தாள். பகல் வெளிச்சத்தில், தினம் அரை மணி. படுக்கப் போகும் முன் கூடவே கூடாது. குழந்தையின் பயம் வாரக்கணக்கில் நீடித்து, சாப்பாடும் தூக்கமும் கெட்டால் குழந்தை வைத்தியரிடம் காட்டத் தயங்காதீர்கள். கேம் மருந்தல்ல. குழந்தை மனசில் இருப்பதைப் பேசவைக்க அது ஒரு சாக்கு. அந்தப் பேச்சைக் கேட்க நாம் பக்கத்தில் இருக்க வேண்டும்.